தார் போடாத சாலைகள்

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், ஃபிளாரன்ஸ் நகருக்கும் சியேனா நகருக்கும் நடுவே கியாந்தி என்னும் மலைநாடு இருக்கிறது. வரைபடத்தை விரித்தால் அதன் இருபுறமும் இரண்டு பெரிய சாலைகள் தெரியும். மேற்கே, இரு நகரங்களையும் இணைக்கும் நாலுவழிச் சாலை. கிழக்கே, ஆர்னோ ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக மிலானிலிருந்து நேப்பிள்ஸ் வரை போகும் ஏ1 நெடுஞ்சாலை. அது 1964இல் முழுமையடைந்தது. அவசரக்காரர்கள் இந்த இரண்டில் ஒன்றைப் பிடித்துப் போய்விடுகிறார்கள். நடுவில் இருப்பது ஏறத்தாழ 70,000 ஹெக்டேர் மேடும் பள்ளமும். அதில் பெரும்பகுதி காடு. சுமார் 10,000 ஹெக்டேர் திராட்சை. மிச்சம் ஆலிவ் தோப்புகளும் கல்வீட்டு ஊர்களும். இந்த நடுப்பகுதிக்குள் பல கிலோமீட்டர் தூரம் ஒரு வண்டியும் எதிர்ப்படாமல் சைக்கிளில் போகலாம். உலகெங்கிலுமிருந்து சைக்கிள்காரர்கள் இங்கே வருவதற்கு இடத்தின் அழகே காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அழகுக்குக் குறைவில்லைதான். ஆனால் அழகான மலைகள் ஐரோப்பாவில் எத்தனையோ உண்டு. அமைதியான சாலைகள் குறைவு. கியாந்தியின் அமைதி தானாக வந்து வாய்த்த ஒன்றல்ல. திராட்சை விவசாயம் போட்டுவைத்த வழிகளும், அவற்றை அப்படியே விட்டுவைப்போம் என்று சிலர் எடுத்த முடிவும் சேர்ந்து உண்டாக்கியது அது. அந்த முடிவுக்குக் கைகொடுத்தது சைக்கிள். ஒரு மலைச் சாலையை அகலப்படுத்தாமல் வைத்திருக்க இன்று நம்மிடம் உள்ள மிக வலுவான காரணம் சைக்கிள்தான் என்பதே என் வாதம்.

முதலில், ஆள் நடமாட்டம் குறைந்த இந்த மலையில் இத்தனை சாலைகள் எப்படி வந்தன என்று பார்க்க வேண்டும். பல நூற்றாண்டுகளாக டஸ்கனியின் நிலம் வாரமுறையில்தான் உழப்பட்டது. நிலம் பிரபுவுக்கோ மடத்துக்கோ நகரத்துப் பணக்காரருக்கோ சொந்தம். உழுகிற குடும்பத்துக்கு விளைச்சலில் பாதி. நம் பக்கத்து வாரக்குடிகள் ஊருக்குள் குடியிருந்து வயலுக்குப் போய் வந்தார்கள். கியாந்தியிலோ ஒவ்வொரு குடும்பமும் தனக்கு ஒப்படைக்கப்பட்ட நிலத்தின் நடுவிலேயே, பெரும்பாலும் ஒரு மேட்டின் மேல், கல்வீட்டில் குடியிருந்தது. தானியம், ஆலிவ், திராட்சை, மாடு எல்லாம் அந்த ஒரே நிலத்தில். திராட்சைக் கொடியை மரங்களின் மேல் ஏற்றிவிட்டு, இடைவெளியில் கோதுமை விதைத்தார்கள். வீடுகள் இப்படிச் சிதறிக் கிடந்ததால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வண்டிப்பாதை தேவைப்பட்டது; விளைச்சலின் பாதியைப் பண்ணையார் மாளிகைக்குக் கொண்டுபோக ஒன்று, மாவு அரைக்கும் ஆலைக்கு ஒன்று, தேவாலயத்துக்கு ஒன்று. இன்று சைக்கிள்காரர் பிடித்துப் போகும் வலைப்பின்னல் இந்தப் பழைய தேவைகளின் மிச்சம். அது சுற்றுலாவுக்காகப் போட்டது இல்லை என்பதே அதன் சிறப்பு. சுற்றுலாவுக்கென்று போட்ட சாலை பார்க்கத்தக்க இடங்களை மட்டும் இணைக்கும். இந்தச் சாலைகள் வாழ்ந்த இடங்களை இணைக்கின்றன.

திராட்சைப் பயிர் சாலையிடம் கேட்பதும் வேறு. திராட்சைக்குச் சரிவு வேண்டும், நீர் தேங்காத மண் வேண்டும், வளம் குறைந்த நிலம் வேண்டும். கியாந்தியில் கையில் எடுத்தால் உதிர்ந்துபோகும் களிப்பாறையும் கெட்டியான சுண்ணாம்புக் கல்லும்தான் மண். மற்ற பயிர்கள் பலவற்றுக்கு ஆகாத அந்தச் சரிவில் சான்ஜோவேசே என்னும் கருந்திராட்சை நன்றாக வருகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தத் தோட்டம் வேறு மாதிரித் தெரியும். அங்கே கொடி தலைக்கு மேல் பந்தலில் படர்ந்திருக்கும். இங்கே கம்பிகளில் கட்டப்பட்டு, வரிசை வரிசையாக, ஓர் ஆள் உயரத்துக்குள் நிற்கிறது. வரிசைகளுக்கு நடுவே சிறு டிராக்டர் போகும் அளவு இடைவெளி. அதனால் சாலையிலிருந்து அடுத்த மலை முகடு வரை பார்வைக்குத் தடையில்லை. வேலையோ ஆண்டு முழுதும் இருக்கிறது. குளிர்காலத்தில் கவாத்து, வசந்தத்தில் கொடியைக் கம்பியில் சேர்த்துக் கட்டுதல், கோடையில் தளிர் கிள்ளி இலை கழித்தல், இடையிடையே மருந்தடித்தல், செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் அறுவடை. கோதுமை வயலுக்கு ஆண்டில் சில தடவை இயந்திரம் வந்து போனால் போதும். திராட்சை வரிசைக்கோ மனிதக் கை திரும்பத் திரும்ப வர வேண்டும். எனவே ஒவ்வொரு தோட்டத்துக்கும் வழி இருந்தாக வேண்டும், அந்த வழி நல்ல நிலையில் இருந்தாக வேண்டும். ஆனால் அதில் போகும் வண்டிகள் மிகக் கொஞ்சம். வழிகள் நிறைய, வண்டிகள் குறைவு: சைக்கிளுக்கு இதைவிடப் பொருத்தமான சாலையமைப்பு வேறில்லை. திராட்சை விளையும் மலைகள் பலவற்றில் அமைதியான சைக்கிள் பாதைகள் அமைவதற்கு அடிப்படைக் காரணம் இதுதான்.

இந்தச் சாலைகள் பல தலைமுறைகளாக மண்ணாகவே இருந்ததற்குப் பின்னால் ஒரு சோகமும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வாரமுறை சரிந்தது. பாதி விளைச்சலில் வயிறு நிறையாது என்று கண்ட குடும்பங்கள் ஃபிளாரன்ஸுக்கும் சியேனாவுக்கும் பள்ளத்தாக்குத் தொழிற்சாலைகளுக்கும் இறங்கிப் போயின. 1964இல் புதிய வார ஒப்பந்தங்களைச் சட்டம் தடைசெய்தபோது மேட்டு வீடுகள் பல ஏற்கெனவே பூட்டிக் கிடந்தன. ஆளில்லாத வீட்டுக்குத் தார்ச்சாலை கேட்டு மனுக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? மண்சாலைகள் பிழைத்ததற்கு ஒரு பாதிக் காரணம் அவற்றை ஒருவரும் பொருட்படுத்தாமல் விட்டதுதான். பிறகு ஒயினின் மதிப்பு ஏறியது. வெளியூர்க்காரரும் வெளிநாட்டாரும் அந்த வீடுகளை வாங்கிப் பழுதுபார்த்தார்கள், பண்ணைகள் விருந்தினர் விடுதிகளாயின, தார்ச்சாலைக்கான நெருக்கடியும் கூடவே வந்தது. 1990களில் ஒவ்வொன்றாகத் தார் பூசப்பட்டு வந்த வேளையில் ஜான்கார்லோ ப்ரோச்சி என்பவர், காயோலே என்னும் சிற்றூரிலிருந்து, 1997இல் லெரோயிகா என்ற சைக்கிள் ஓட்டத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டு கலந்துகொண்டவர்கள் 92 பேர். விதி எளிது: 1987க்கோ அதற்கு முன்னரோ செய்யப்பட்ட சைக்கிளில்தான் வர வேண்டும். கியர் மாற்றும் நெம்புகோல் சட்டத்தின் மேல் இருக்க வேண்டும், பிரேக் கம்பி ஹேண்டில்பாருக்கு வெளியே தெரிய வேண்டும், பெடலில் காலைப் பிணைக்கும் வார் இருக்க வேண்டும். பழைய சைக்கிளின் மேல் உள்ள பிரியம் போலத் தோன்றினாலும் உள்நோக்கம் சாலையைப் பற்றியது. ஒரு மண்சாலையைக் காப்பாற்றுங்கள் என்று வெறுமனே கேட்டால், எதற்காக என்று நிர்வாகம் திருப்பிக் கேட்கும். ஆண்டுதோறும் மனிதர்கள் அதில் சைக்கிள் ஓட்டிக் காட்டினால் அந்தக் கேள்விக்குப் பதில் கண்ணெதிரே இருக்கிறது.

அந்தச் சாலை எப்படிப்பட்டது என்று அறிய, காயோலேயிலிருந்து தெற்கே சுமார் 10 கி.மீ. போனால் வரும் ப்ரோலியோ கோட்டை ஏற்றத்தை எடுத்துக்கொள்ளலாம். 1141 முதல் ரிக்காசோலி குடும்பத்தின் கையில் உள்ள கோட்டை அது. ஒன்றுபட்ட இத்தாலியின் இரண்டாவது பிரதமராக இருந்த பெத்தீனோ ரிக்காசோலி, கியாந்தி ஒயினுக்கு எந்தத் திராட்சைகளைச் சேர்க்க வேண்டும் என்று 1872இல் ஒரு கடிதத்தில் வரையறுத்ததும் இங்கே இருந்தபடிதான். கோட்டைக்குக் கீழே தார் முடிந்து வெள்ளைச் சாலை தொடங்குகிறது. உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல்லை நொறுக்கிப் பரப்பி அழுத்திய சாலை. வெயிலில் கண் கூசும் அளவுக்கு வெளுப்பு. நடுப்பகுதி சற்று உயர்ந்து இரு ஓரமும் தாழ்ந்திருக்கும். ஓரத்தில் மழைநீர் ஓட வாய்க்கால். வண்டிச் சக்கரம் பட்டுப் பட்டு இரண்டு தடங்கள் இறுகிக் கிடக்கும். தடத்துக்கு நடுவிலும் ஓரத்திலும் சரளை பொலபொலவென்று குவிந்திருக்கும். சைக்கிள் அந்த இறுகிய தடத்தில் போனால் சத்தமே இல்லாமல் ஓடும். ஒரு சாண் விலகினால் கல் நறநறக்கும், பின்சக்கரம் வழுக்கும். இருமருங்கிலும் சைப்ரஸ் மரங்கள், அவற்றுக்கு அப்பால் திராட்சை வரிசைகள். லெரோயிகா நாளில் நீண்ட பாதைக்காரர்கள் இருட்டிலேயே கிளம்புவதால் இந்த ஏற்றத்தின் ஓரமாக விளக்கு வைப்பார்கள். ஏற்றத்தில் எழுந்து நின்று பெடலை மிதித்தால் எடை முன்னால் போய்ப் பின்சக்கரம் சுழன்றுவிடும். உட்கார்ந்தபடியே, இலேசான கியரில், சீராக மிதிக்க வேண்டும். அவசரப்படாமல் ஏறுவதை இந்தச் சாலை கட்டாயப் பாடமாக வைத்திருக்கிறது.

வாதத்தின் மையம் வேகத்தில்தான் இருக்கிறது. 1 கி.மீ. தூரத்தில் 70 மீட்டர் உயரும் ஏற்றத்தில், ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், சாதாரண உடல்வலு உள்ளவர் 150 வாட் அளவுக்கு மிதித்து மணிக்கு 9 கி.மீ. போலத்தான் ஏற முடியும். நடையைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவே. அந்த வேகத்தில் கவாத்து செய்த கொடியின் வெட்டுவாய் தெரியும். எந்தத் தோட்டத்தில் வரிசைக்கிடையே புல் விட்டிருக்கிறார்கள், எதில் உழுதிருக்கிறார்கள் என்று தெரியும். தோட்டத்தில் நிற்கிறவருக்கு வணக்கம் சொல்லவும் பதில் வாங்கவும் நேரம் இருக்கும். காரில் 70 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு அதே மலை ஒரு பச்சைப் பின்னணி. இது இரசனையைப் பற்றிய பேச்சு மட்டுமல்ல. சாலையின் அமைப்புதான் அதில் போகும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. சரளையிலும் குறுகிய வளைவிலும் கார் ஓட்டுநர் தானாகவே மெதுவாகப் போகிறார். வழவழப்பான அகலத் தார் போட்ட அன்றே அதே ஓட்டுநரின் கால் ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறது. வேகம் கூடினால் அதைக் குறுக்குவழியாகப் பயன்படுத்துகிறவர்களும் கூடுகிறார்கள். ஆக, ஒரு சாலையைக் கரடாகவும் ஒடுக்கமாகவும் விட்டுவைப்பது அதன் அமைதிக்குப் போடும் வேலி. காவலர் வேண்டாம், கேமரா வேண்டாம்.

எந்தச் சாலையில் போவது என்பதிலும் இதே கணக்கு செல்லுபடியாகும். ஃபிளாரன்ஸிலிருந்து கிரேவே, பன்ஸானோ, காஸ்தெல்லீனா வழியாகச் சியேனா போகும் 222ஆம் எண் சாலை கியாந்தியின் முதுகெலும்பு. சுற்றுலா நூல்கள் எல்லாம் புகழும் சாலை. நல்ல தார், அழகான வளைவுகள், ஆனால் கோடையில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் விடாமல் வரும். அதைக் குறுக்கே கடப்பதற்கும் ஊர் சேர்வதற்கும் மட்டும் வைத்துக்கொண்டு, கிளைகளில் நாளைக் கழிப்பதே நல்லது. காயோலேயிலிருந்து சுமார் 10 கி.மீ. தொலைவில், 530 மீட்டர் உயர முகட்டில் ராத்தா. அங்கிருந்து முகட்டுச் சாலையிலேயே மேற்கே போனால் காஸ்தெல்லீனா. இரண்டுக்கும் நடுவில் தெற்கு நோக்கி இறங்கும் வழிகள் ஒவ்வொன்றும் தோட்டங்களுக்குள் நுழைந்து வெளுத்துவிடும். கால்வலு உள்ளவர்களுக்கு லெரோயிகாவின் நீண்ட வட்டம் இருக்கிறது: 209 கி.மீ., ஏறத்தாழ பாதி வெள்ளைச் சாலை. காயோலேயில் தொடங்கி ப்ரோலியோ வழியாகச் சியேனாவின் ஓரத்தைத் தொட்டு, தெற்கே மொந்தால்சீனோ வரை இறங்கி, புவோன்கொன்வெந்தோ, அஷானோ ஊர்கள் வழியாகத் திரும்பி வருவது. புவோன்கொன்வெந்தோ ஆற்றங்கரையில் 150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. புரூனெல்லோ ஒயினின் ஊரான மொந்தால்சீனோ 560 மீட்டருக்கு மேல். இடையிலுள்ள 400 மீட்டரையும் கால்தான் தூக்க வேண்டும். அஷானோவைச் சுற்றி நிலம் முற்றிலும் மாறுகிறது. திராட்சை மறைந்து, சாம்பல் நிறக் களிமண் குன்றுகளில் கோதுமை வயல்கள் பரந்து கிடக்கின்றன. தோட்டம் கேட்கிற கிளைவழிகள் இங்கே அரிது. முகட்டின் மேல் ஒற்றைச் சாலை, எட்டிய தூரத்தில் ஒரு வீடு. பயிர்தான் சாலையை வரைகிறது என்பதை ஒரே நாள் பயணத்தில் இப்படிக் கண்ணால் பார்க்கலாம்.

மண்சாலையை வைத்துக்கொண்டு ஊர் என்ன கண்டது என்று கேட்கலாம். 2007 அக்டோபரில் இதே சாலைகளில் தொழில்முறை வீரர்களுக்கான ஒருநாள் போட்டி ஒன்று தொடங்கியது. மறு ஆண்டிலிருந்து அது மார்ச் மாதத்துக்கு மாறியது. இன்று ஸ்த்ராதே பியாங்கே என்று உலகம் அறிந்த போட்டி அதுதான். வெள்ளைச் சாலைகளில் புழுதி பறக்கவோ சேறு தெறிக்கவோ ஓடி, சியேனாவின் சாந்தா கத்தரீனா தெருவின் செங்குத்தான கல்பாவிய ஏற்றத்தில் ஏறி, காம்போ சதுக்கத்தில் முடிகிறது. 2015 முதல் பெண்களுக்கும் தனிப்போட்டி நடக்கிறது. மூன்று முறை வென்ற சுவிட்சர்லாந்து வீரர் ஃபாபியன் கான்செல்லாராவின் பெயரை அஷானோவுக்கு அருகிலுள்ள மண்சாலைப் பகுதி ஒன்றுக்கு வைத்திருக்கிறார்கள். பாரிஸ்–ரூபே போன்ற போட்டிகளுக்கு நூற்றாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு. அவற்றோடு சேர்த்து எண்ணப்படும் இடத்தை இந்த இளம் போட்டி சில ஆண்டுகளிலேயே பிடித்தது. அதற்கு இருந்த ஒரே மூலதனம் தார் போடாமல் விட்ட சாலை. பின்தங்கியதன் அடையாளமாகக் கருதப்பட்ட ஒன்று, ஒரு மாவட்டத்தின் பெயரை உலகத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோயிருக்கிறது. வளர்ச்சி என்றால் தார்தான் என்று நினைப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி கிடையாது.

இனி எதிர்வாதங்கள். அவற்றுள் கனமானது உள்ளூர்க்காரருடையது. வருகிறவர்கள் ஒரு வாரம் புழுதியை ரசித்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தச் சாலையோரம் குடியிருப்பவருக்குக் கோடை முழுதும் துணியில் புழுதி, மழைக்காலத்தில் வாசலில் சேறு, நெஞ்சு வலி என்றால் ஆம்புலன்ஸ் வந்து சேரத் தாமதம். மற்றவர் கண்குளிர ஒருவர் ஏன் கஷ்டப்பட வேண்டும்? இந்தக் கேள்வி நியாயமானது, இதற்குச் சால்ஜாப்பு சொல்லக் கூடாது. வீடுகள் சேர்ந்திருக்கும் இடத்திலும் செங்குத்தான இறக்கத்திலும் தார் போடத்தான் வேண்டும், போடவும் செய்கிறார்கள். பிரான்ஸின் பர்கண்டியில் போன் நகரிலிருந்து பொமார், வொல்னே, மெர்சோ ஊர்கள் வழியாகச் சந்தனே வரை, 20 கி.மீ.க்குச் சற்று அதிகமாகத் தோட்டங்களுக்குள்ளேயே ஒரு சைக்கிள் பாதை போகிறது. அதன் பெரும்பகுதி கெட்டித்தளம் போட்ட ஒடுக்கமான தோட்டவழிதான். ஆனாலும் அமைதியாக இருக்கிறது. காரணம், கார்களுக்குக் கீழே 974ஆம் எண் சாலை தனியாக இருக்கிறது, மேலே டிராக்டரும் சைக்கிளும் மட்டும். எனவே தார் எதிரி என்று நான் சொல்லவில்லை. அகலமும் வேகமும் ஊடுருவிப் போகும் போக்குவரத்துமே எதிரி. கியாந்தியில் அவற்றைத் தடுக்கக் கிடைத்த மலிவான கருவி சரளை. வேறு இடத்தில் ஒடுக்கமான தளம் அதே வேலையைச் செய்யலாம். அதோடு, மண்சாலைக்குப் பராமரிப்பு வேண்டும்: வாய்க்காலைத் தூர் வார வேண்டும், குழிகளைச் சமன்செய்து புதுச் சரளை பரப்ப வேண்டும். அலை அலையாக மேடுபள்ளம் விழுவது வேகமாகப் போகும் கனமான வண்டிகளால், சைக்கிளால் அல்ல. மண்சாலையைக் காப்பது என்றால் செலவு செய்து காப்பது. கைகழுவி விடுவதற்கு அழகு என்று பெயர் சூட்டினால் அது உள்ளூர்க்காரருக்குச் செய்யும் துரோகம்.

இரண்டாவது எதிர்வாதம், சுற்றுலா எதைத் தேடி வருகிறதோ அதையே தின்றுவிடும் என்பது. 92 பேரோடு தொடங்கிய லெரோயிகாவுக்கு இப்போது ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். அக்டோபர் முதல் வாரத்துக் காயோலேயில் அமைதியை எதிர்பார்க்க முடியாது. உண்மை. ஆனால் எந்தச் சுற்றுலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் ஃபால்ட்ஸ் பகுதியில் 1934இன் அமோக விளைச்சலை விற்க வழி தேடி, 1935இல் 85 கி.மீ. நீளத்துக்கு ஒயின் சாலை ஒன்றைத் திறந்தார்கள். பிரான்ஸின் அல்சாஸில் மார்லென்ஹைமிலிருந்து டான் வரை 170 கி.மீ. ஒயின் சாலை 1953இல் திறக்கப்பட்டது. இரண்டும் மோட்டார் வண்டிக்காரரை மனத்தில் வைத்துச் செய்தவை. இரண்டும் ஒயினை விற்றன, கூடவே ஊர்த்தெருக்களைக் கார்களால் நிரப்பின. பிறகு அல்சாஸில் சைக்கிள்காரருக்குத் தோட்டவழிகளை இணைத்துத் தனிப்பாதை அமைக்க வேண்டியிருந்தது. ஃபால்ட்ஸில் ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று ஒயின் சாலையை மோட்டார் வண்டிகளுக்கு மூடிவிடுகிறார்கள். அன்று அந்தச் சாலை முழுக்கச் சைக்கிளுக்கும் நடைக்கும். கார்களை வரவழைக்க உண்டாக்கிய சாலைக்கே ஆண்டில் ஒரு நாள் கார்களிடமிருந்து விடுதலை தேவைப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நூறு பேர் காரில் வந்தால் நிறுத்தவே ஒரு தோட்டத்தளவு இடம் வேண்டும். அதே நூறு பேர் சைக்கிளில் வந்தால் சுவரோரம் போதும். கூட்டம் ஒரு நாளில் குவிவதுதான் பிரச்சினை என்றால் அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள்: லெரோயிகா பாதைக்கு நிரந்தர வழிகாட்டிப் பலகைகள் நட்டு, ஆண்டின் எந்த நாளிலும் ஓட்டலாம் என்று ஆக்கிவிட்டார்கள்.

மூன்றாவது, இது இளைஞருக்கும் பணக்காரருக்கும் மட்டுமான இன்பம் என்ற குறை. 12 விழுக்காடு ஏற்றத்தில் அறுபது வயதுக்காரர் எப்படி ஏறுவார்? இதற்குத் தொழில்நுட்பம் பாதிப் பதிலைத் தந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மின்சைக்கிளின் மோட்டார் 250 வாட்டைத் தாண்டக் கூடாது, 25 கி.மீ. வேகத்தில் உதவி நின்றுவிட வேண்டும், மிதித்தால்தான் ஓட வேண்டும். முன்பு சொன்ன 150 வாட் கணக்கோடு ஒப்பிட்டால், இந்த உதவி ஒரு சாதாரண மனிதரின் கால்வலுவை இரு மடங்குக்கு மேலாக ஆக்குகிறது என்பது புரியும். ஏற்றம் வயதைக் கேட்பதை நிறுத்துகிறது. ஆனால் வேகம் மட்டுப்பட்டே இருப்பதால் சாலையின் அமைதி கெடுவதில்லை. செலவைப் பொறுத்தவரை, கோட்டை விடுதிகளின் கட்டணம் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாது என்பது மெய். ஆனால் காரை வாடகைக்கு எடுத்துத் திரிவதைவிட சைக்கிள் பயணம் மலிவு. ரொட்டியும் பயறும் கீரையும் சேர்த்துக் கொதிக்கவைத்த ரிபொல்லீத்தா சூப் இந்தப் பக்கத்து ஏழை உழவர் சாப்பாடு. அதுதான் இன்றும் சைக்கிள்காரரின் வயிற்றுக்கு ஏற்ற மதிய உணவு. ஒயின் நாட்டில் ஒரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும்: இத்தாலியில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைத் தண்டிக்கும் சட்டம் சைக்கிளுக்கும் பொருந்தும். சுவைப்பது பயணம் முடிந்த மாலையில் என்று வைத்துக்கொள்வதே சட்டத்துக்கும் நல்லது, சரளை இறக்கத்தில் கழுத்துக்கும் நல்லது.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஏப்ரல், மே மாதங்களில் கொடி தளிர்க்கும், வெயில் மிதமாக இருக்கும். செப்டம்பர் பிற்பாதியிலிருந்து அக்டோபர் நடு வரை அறுவடையைப் பார்க்கலாம். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் சேர்ந்து வாட்டும். டயர் 32 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, 38 அல்லது 40 இன்னும் வசதி. காற்றைச் சற்றுக் குறைத்து வைத்தால் சரளையில் பிடிமானம் கிடைக்கும். மிக இலேசான கியர் ஒன்று கட்டாயம் வேண்டும். ஊருக்கு ஊர் தண்ணீர்க் குழாய் கிடைத்தாலும் இடையில் நீண்ட தூரம் கடையே வராது. இரண்டு பாட்டில் தண்ணீரும் மாற்று ட்யூபும் இல்லாமல் கிளம்பக் கூடாது. காயோலேக்கு ரயில் இல்லை. சியேனா, அஷானோ, புவோன்கொன்வெந்தோ மூன்றுக்கும் ரயில் உண்டு. இத்தாலியின் வட்டார ரயில்களில் தனிச் சீட்டு வாங்கிச் சைக்கிளை ஏற்றிக்கொள்ளலாம். அறுவடைக் காலத்தில் வழியில் டிராக்டர் வந்தால் இறங்கி ஒதுங்கி நில்லுங்கள். அந்தச் சாலை அவர்கள் வேலைக்கு உண்டானது, நாம் விருந்தாளிகள். கொடியில் தொங்கும் கொத்தில் கைவைக்காதீர்கள். ஒவ்வொரு குலையும் கணக்கில் இருக்கிறது.

1716இல் டஸ்கனியின் ஆட்சியாளர் மூன்றாம் கோசிமோ தே மெதிச்சி, கியாந்தி ஒயின் எங்கே விளைய வேண்டும் என்று எல்லை வகுத்து ஆணை பிறப்பித்தார். ஒயினுக்கு எல்லை வகுத்த உலகின் மிகப் பழைய ஆணைகளில் அதுவும் ஒன்று. ஒயினின் பெயரைக் காக்கச் சட்டம் அவ்வளவு முன்பே வந்துவிட்டது. அந்த ஒயினை விளைவிக்கும் மலைக்குள் போகும் சாலையின் மதிப்பை உணர மேலும் 280 ஆண்டுகள் ஆயின. உணர்த்தியது 92 பழைய சைக்கிள்கள். சாலை போடுவதைப் போலவே, ஒரு சாலையை அகலமாக்காமல் விடுவதும் யோசித்துச் செய்ய வேண்டிய பொதுக் காரியம். எந்த மலையில், எந்தத் தோட்டத்துக்குள் போகும் வழியை அகலப்படுத்தப் போகிறோம் என்றாலும், அதில் இப்போது யார் எந்த வேகத்தில் போகிறார்கள், அகலமானபின் யார் எந்த வேகத்தில் போவார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் முதலில் கேட்டுவிட வேண்டும். கியாந்தி அவற்றைக் கேட்டது. அதனால் இழந்ததைவிட அடைந்தது பெரிது. வாய்ப்பு உள்ளவர்கள் அங்கே போங்கள், சைக்கிளில் போங்கள். லெரோயிகாவின் பாதை ஆண்டு முழுதும் திறந்திருக்கிறது.